சின்னத் தொந்தரவு

இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றின் நடுவே எங்கள் படகின் எஞ்சின் இருமிவிட்டு நின்றபோது, என் கணவர் ஹெட்லி அந்த எஞ்சினைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றார். எனக்குச் சினம் தொடங்கியது அந்தக் கணத்தில்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாங்கள் கால்வாயில், படகிலேயே வாழ்கிறவர்கள். அங்கே எஞ்சின் நின்றால் கரையில் கயிற்றைக் கட்டிவிட்டு, பழுதுபார்ப்பவர் வரும்வரை தேநீர் அருந்தலாம். கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு அதற்கு இடம் தராது. நீர் கடலை நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. நீண்டு மெலிந்த எங்கள் படகு குறுக்காகத் திரும்பி, கீட்பி பாலத்தின் தூண்களை நோக்கி மிதந்தது. அப்படியே மோதினால் கவிழ்ந்துவிடும்.

"நங்கூரத்தப் போடு, ஹெட்லி."

"அது பூந்தொட்டிக்கு அடியில இருக்கு, கண்ணு. ஜெரேனியம் இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு."

நானே முன்பக்கம் ஓடித் தொட்டிகளை ஆற்றில் தள்ளினேன். அடியில் நங்கூரம் அழகாக இருந்தது. வசந்தத்தில் அதற்குப் பச்சை வண்ணம் பூசிய ஹெட்லி, அதை மறுபடி சங்கிலியில் மாட்டியிருக்கவில்லை. கால்வாயில் அது யாருக்குத் தேவைப்பட்டது?

இனி உதவி வந்தால்தான் உண்டு. ஹெட்லி ரேடியோவில் கடலோரக் காவல் நிலையத்தை அழைத்திருந்தார்.

"உங்களுக்கு ஆபத்து ஏதாவது இருக்கா சார்?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆபத்துன்னு சொல்ல முடியாதுங்க. ஒரு சின்னத் தொந்தரவு. அவசரமில்ல. வேற யாருக்காவது உதவி வேணும்னா அவங்கள முதல்ல பாருங்க."

அவர் தோளுக்குப் பின்னால் பாலத்தூண் வளர்ந்துகொண்டிருந்தது.

ரேடியோவைப் பிடுங்கினேன். "மேடே, மேடே, மேடே..."

"அந்த வார்த்தை வேண்டாம், கண்ணு," என்று அவர் பதறினார். "அது கப்பல் முழுகும்போது சொல்றது."

"நாம என்ன பிக்னிக்கா போறோம்?"

பொத்தானை அழுத்தியபடியே கத்தியிருக்கிறேன். ஆறு முழுதும் கேட்டிருக்கும். பிறகு இடத்தைச் சொன்னேன். எஞ்சின் இல்லை, நங்கூரம் இல்லை, படகில் இருவர், பாலத்தில் மோதப்போகிறோம் என்றேன்.

சற்றுக் கீழே, சரக்குத்துறையில் நின்றிருந்த ஓர் இழுவைப்படகு உடனே கிளம்பியது. அதன் வடக்கயிறு எங்கள் முன்முனையை இழுத்துத் திருப்பியபோது, பின்பக்கம் தூணை உரசிக் கதறியது. ஆனால் தாண்டிவிட்டோம்.

"உங்க வீட்டுக்காரர் பேசினதையும் கேட்டேம்மா," என்றார் இழுவைப்படகுக்காரர். "அவசரமில்லன்னாரு. சரி, சாண்ட்விச்ச முடிச்சிட்டு மெதுவாப் போவோம்னு உக்காந்துட்டேன்."

"சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு பண்ணிட்டோம். மன்னிக்கணும்," என்றார் ஹெட்லி.

நான் ரேடியோவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அச்சத்தினால் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

ரேடியோவில் அந்தப் பெண், இருவரும் நலமா என்று விசாரித்தாள்.

"அவ்வளவு பெரிய வார்த்தையச் சொல்லிட்ட," என்று ஹெட்லி கிசுகிசுத்தார். "ஒரு மன்னிப்பும் சொல்லிடு."

பொத்தானை அழுத்தினேன். "ரெண்டு பேரும் பத்திரமா இருக்கோம். ரொம்ப நன்றி."

ஹெட்லி காத்திருந்தார். நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.