அத்திவாரக் குழியில் இரண்டு பாதங்கள்

வெட்டிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது. மலைச்சரிவில் குழி வெட்டினால் கல் வருவது புதுமையில்லை. கல் வந்தால் ஆண்கள் ஏசுவார்கள், சிரிப்பார்கள், இன்னொரு பக்கம் வெட்டுவார்கள். இப்போது எந்தப் பேச்சும் கேட்கவில்லை. தர்ஷனா தேத்தண்ணிக் கோப்பைகளோடு குழிக்கரைக்கு விரைந்தாள்.

மேசன் விமலசேன பாஸ் செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டு வெறுங்காலோடு குழிக்குள் குந்தியிருந்தார். அவள் கணவன் கணேஸ் மம்பட்டியைப் பிடித்தபடி நின்றான். பாஸ் உள்ளங்கையால் மண்ணைத் துடைக்கத் துடைக்க, கல்லில் செதுக்கிய இரண்டு பாதங்கள் மேலே வந்தன. மனிதக் கால்களைவிடப் பெரியவை. விரல்கள் எல்லாம் ஒரே நீளம். நடுவில் ஒரு சக்கரம்.

"புத்தருடைய பாதம்," என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார் பாஸ். கைகூப்பினார். பிறகு வாழை இலை ஒன்றை வெட்டிவந்து கல்லின்மேல் விரித்தார். இன்றைக்கு வேலை போதும் என்றார். அவள் நீட்டிய தேத்தண்ணியை வாங்காமலே இறக்கத்தில் இறங்கிப் போனார்.

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, வீடு கட்டப் பிரித்துக்கொடுத்த காணித்துண்டு அது. கணேஸின் தாத்தா காலத்திலிருந்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த குடும்பம், முதன்முதலாகத் தன் பெயரில் மண்ணைப் பார்த்தது போன வருடம்தான். பக்கத்துத் துண்டு நல்லம்மாவுடையது. அதற்கப்பால் வரிசையாக மற்றவர்களுடையவை. எங்கோ ஒரு ஊரில் வயலுக்குள் பழைய கல் வந்ததும் தொல்பொருள் அதிகாரிகள் கயிறு கட்டிப் பலகை நட்டார்கள், விதைத்தவனே உள்ளே போக முடியாமல் போயிற்று என்ற செய்தியை இந்த வரிசையில் எல்லோரும் போனில் பார்த்திருந்தார்கள்.

"அந்தாளு நேரா பன்சலைக்குத்தான் போவாரு," என்றான் கணேஸ், கீழே புத்த கோயில் இருந்த பக்கம் கையைக் காட்டி. "மண்ணப் போட்டு மூடிருவோம். இல்லாட்டி ஒடைச்சு அத்திவாரத்துக்குள்ளயே போட்ருவோம்."

"பாஸ் பார்த்துட்டாரேங்க. ஒடைச்சோம்னு தெரிஞ்சா பொலிஸ் வந்து மறியல்ல போட்டுருவாங்க."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

மத்தியானம் மழை பெய்து குழியில் தண்ணீர் இறங்கியது. மழை விட்டதும் இலையைத் தூக்கிப் பார்த்தாள். கல்லின் ஓரத்தில், மண் கரைந்த இடத்தில் எழுத்துகள் தெரிந்தன. சிங்கள எழுத்து மாதிரி இல்லை. சில எழுத்துகள் பிடிபடவில்லை. ஒன்று 'ப' மாதிரி இருந்தது. போனில் படமெடுத்து ரிப்காவுக்கு அனுப்பினாள்.

ரிப்கா அவளோடு உயர்தர வகுப்பில் படித்தவள். பேராதனையில் தொல்லியல் படித்துவிட்டு இப்போது கட்டுகஸ்தோட்டைப் பாடசாலை ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்தாள்.

"இத வேற யாருக்கும் அனுப்பினியா?"

"இல்ல. என்ன எழுத்துடி அது?"

"தமிழ்தான். பழைய தமிழ். கெம்பஸ்ல எங்களுக்குப் படிப்பிச்ச சேருக்கும் காட்டினன். 'நானாதேசி' எண்டு ஒரு சொல் தெளிவா ஈக்குது. ஊரூரா, நாடுநாடாப் போய் யாவாரம் செஞ்ச கூட்டம் அது. அதுக்குக் கீழ 'பள்ளி'. நாங்க தொழுற பள்ளியில்ல. அந்தக் காலத்துல புத்தர் கோயிலையும் தமிழ்ல பள்ளியெண்டுதான் சொன்னாங்க."

"தமிழாளுங்க புத்தருக்குக் கோயில் கட்டினாங்களா?"

"கட்டினாங்க, விளக்குக்கு எண்ணெய் குடுத்தாங்க. திருகோணமலப் பக்கம் தமிழ்க் கல்வெட்டு உள்ள பௌத்தப் பள்ளியே ஈக்குது. மொளகும் மாணிக்கமும் வாங்க மலைக்கு வந்த ஆக்கள். சாமான் போன பாதையாலதான் சாமியும் போச்சு."

தர்ஷனாவுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. "அப்ப நம்ம ஆளுங்க வச்ச கல்லுதானே. பயப்படத் தேவையில்லதானே?"

ரிப்கா குரலைத் தாழ்த்தினாள். "கல்ல வச்சது யாரெண்டு எவனும் கேக்க மாட்டான் தர்ஷனா. காணி யாருக்கெண்டுதான் கேப்பான். இன்னொண்டு. எழுத்து உள்ள ஓரம் தேஞ்சி போய் ஈக்குது. ஒரு உளி பட்டாக் கொட்டிரும். பொறகு பாதம் மட்டும்தான் மிச்சம், தமிழ் ஆக்கள் வச்சதெண்டு காட்ட ஒண்டும் ஈக்காது. வெளங்குதா?"

விளங்கியது. விளங்கியதால் பயம் இரட்டிப்பாயிற்று. மூடினாலும் ஆபத்து, சொன்னாலும் ஆபத்து. மற்றவர்கள் முந்திச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும்விட ஆபத்து. கண்டியில் உள்ள தொல்பொருள் அலுவலகத்தின் முகவரியை ரிப்கா அனுப்பினாள். எழுத்து தெரிகிற படத்தை முதலில் அங்கே அனுப்பு, அது அவர்கள் கையில் போய்ச்சேர்ந்தால் பிறகு அழிக்க நினைப்பவன் யோசிப்பான் என்றாள்.

அதற்குள் கல் வந்த செய்தியும் அவள் போனில் பேசியதும் லயம் முழுக்கப் பரவிவிட்டன. நல்லம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் வந்து வாசலில் நின்றாள்.

"அறிவிக்கப் போறியாமே?"

"நாம சொல்லாட்டி பன்சலைக்காரங்க சொல்லுவாங்கக்கா."

"சொல்லட்டுமே. அது அவங்க பாவம். நீ சொன்னா அது ஒன் பாவம். ஒங்காணி மட்டுமா போவும்? எங்க எல்லாத்துக்கும்தான் கயிறு கட்டுவாங்க. எங்க வீட்டாளு இந்த மண்ணப் பாக்காமலே செத்துப்போனாரு. நானாவது பாக்கணும்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் தர்ஷனாவை அதிகம் சுட்டது.

அன்றைக்கு அவள் படத்தை அனுப்பவில்லை.

மறுநாள் காலை தேயிலைக்கு நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில் ஒரு மஞ்சள் குடை ஏறிவந்தது. கீழ்ப் பன்சலையின் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுரு. பின்னால் சில ஆண்கள். கடைசியில் தலையைக் குனிந்தபடி விமலசேன பாஸ். தர்ஷனா போனை எடுத்தாள். நல்லம்மா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் பக்கம் திரும்பினால் மனசு மாறிவிடும் என்று திரும்பாமலே படங்களை அனுப்பினாள். பிறகு போய்க் குழியருகில் நின்றாள்.

ஹாமுதுரு பாதங்களைப் பார்த்து வெகுநேரம் கண்மூடி நின்றார். கூட வந்தவர்களில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், "இந்த மேடு முழுவதும் பழைய விகாரை நிலமாகத்தான் இருந்திருக்கும்," என்று சிங்களத்தில் சொல்லிக் கையை வீசி நல்லம்மாவின் காணிவரை காட்டினார்.

"ஹாமுதுருவனே, அதில் எழுத்தும் இருக்கிறது," என்றாள் தர்ஷனா. சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். "தமிழ் எழுத்து."

வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார். ஹாமுதுரு சிரிக்கவில்லை. போத்தல் தண்ணீரை வாங்கி ஓரத்தில் ஊற்றச் சொன்னார். குழிக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"உனக்கு வாசிக்க வருமா?"

"முழுவதும் வராது. இது 'பள்ளி'. புத்தருக்குக் கட்டிய இடமாம். கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் கொடுத்தது. கண்டிக்குப் படம் அனுப்பிவிட்டேன்." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் பாஸைப் பார்த்தாள். பாஸ் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

ஹாமுதுரு மேலேறினார். அதிகாரிகள் வரும்வரை ஒருவரும் கல்லைத் தொடக்கூடாது, எழுத்தையும்தான் என்று தன்னோடு வந்தவர்களிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த நிலம் என்ன ஆகும் என்று கேட்காதே. அது என் கையில் இல்லை." அவர் குரலிலிருந்து நல்லதோ கெட்டதோ பிடிபடவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் பாதங்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். நல்லம்மா சொன்னபடியே வரிசை முழுவதற்கும் கயிறு கட்டினார்கள். ஒருவரும் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. குழாயடியில் தர்ஷனா போய் நின்றால் பேச்சு அடங்கியது. நல்லம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனாள். கணேஸ் ஒருநாள், "நீ செஞ்சது சரிதான்னு எனக்குத் தெரியும். ஆனா சரின்னு சொல்ல வாய் வரல," என்றான். மழைக்காலம் வந்து குழியின் கரை சரிந்தது. அவள் எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போனாள்.

தையில் ஆராய்ச்சி ஆட்கள் வந்து மேடு முழுக்கத் தோண்டிப் பார்த்தார்கள். வேறு ஒரு சுவரோ செங்கல்லோ கிடைக்கவில்லை. கல் மட்டும் எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதைச் சாக்கில் சுற்றி லொறியில் ஏற்றினார்கள். அவர்களுடைய பதிவில் தமிழ்க் கல்வெட்டுடன் கூடிய புத்தபாதம் என்று எழுதியிருப்பதாக ரிப்கா சொன்னாள். மற்றவர்களின் காணிகளில் கயிறு அவிழ்ந்தது. கல் கிடைத்த இடம் என்று தர்ஷனாவின் துண்டில் மட்டும் அவிழவில்லை. தோட்ட நிர்வாகம் அவளுக்கும் கணேஸுக்கும் வேறொரு துண்டு கொடுத்தது, ஓடைக்கரையில், ஈரம் ஊறுகிற இடம்.

அங்கே வேலைக்கு விமலசேன பாஸ் தானாகவே வந்தார்.

"பன்சலைக்குச் சொன்னது நான்தான், தங்கச்சி," என்றார்.

"தெரியும், பாஸ்."

"சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை."

"என்னாலயும்தான்."

நல்லம்மாவின் வீடு முதலில் எழும்பியது. பால் காய்ச்சும் நாளன்று தர்ஷனா போவதா வேண்டாமா என்று விடிந்ததிலிருந்து தவித்தாள். கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனாள். நல்லம்மா பழத்தை வாங்கி வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து ஜன்னலோரம் போட்டாள்.

"ஒக்காரு. சாப்புட்டுட்டுப் போ."

ஜன்னலுக்கு வெளியே கயிறு கட்டிய வெற்றுக்காணியில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தர்ஷனா இலையில் கையை வைத்தபடி அதைப் பார்த்தாள். நல்லம்மா வந்து பொங்கலை வைத்து, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.