1957-ஆம் வருடத்துக் குப்பைமேனி

தாளைச் சாய்த்ததும் செடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடிக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அம்பிகா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் அவற்றை முறத்தில் தள்ளினாள். பாச்சை உருண்டை நெடியோடு எலிப்புழுக்கை நாற்றமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டியது. காலையிலிருந்து இது நாற்பதாவது தாள்.

திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியத்தில் அவள் பதினாறு வருடமாகத் தற்காலிக ஊழியர். உலர்த்திய செடிகளை விவரச் சீட்டோடு தாளில் ஒட்டி, பீரோக்களில் அடுக்கி, பூச்சி விழாமல் காப்பது வேலை. எந்தச் செடி எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவாள். இரண்டு வருடத்துக்கு முன் துறைத்தலைவர் மணிமாறன் இந்த அறையின் ஏசியைக் கழற்றித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். அந்த ஐப்பசி மழையிலேயே சுவரில் ஓதம் ஏறித் தாள்கள் நமத்தன. வண்டு விழுந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. மணிமாறன் வந்து, வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"செடி போனா போகட்டும்மா. சீட்டு நல்லாத்தான இருக்கு? அதைப் பிரிச்சு, புதுசா ஒரு செடியை அயர்ன் பண்ணிச் சேத்து ஒட்டிரு."

"சார், இது அம்பத்தேழுல சிறுமலை உச்சியில எடுத்த செடி. இப்ப அங்கயே கெடையாது. நான் எங்க சார் போறது?"

"கேன்டீனுக்குப் பின்னாடி என்ன மொளைச்சிருக்கோ அதை ஒட்டு. வர்றவங்க பீரோவைத் தொறந்தா பாக்கப் போறாங்க? எண்ணிக்கைதான் கேப்பாங்க. அடுத்த மாசம் உன் ஆர்டரைப் புதுப்பிக்கணும்ல? நான்தான் எழுதணும்."

பத்து நாள். கேன்டீன் சாக்கடையோரத்துக் குப்பைமேனியையும் தும்பையையும் பிடுங்கி வந்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினாள். எச்சில் தண்ணீரில் வளர்ந்த செடி சூட்டில் புளித்த வாடை அடித்தது. பக்கத்திலேயே பழைய சீட்டு. யாரோ ஒரு மனிதர் மலையேறி நின்று, இடமும் உயரமும் பூவின் நிறமும் மைப்பேனாவால் எழுதியது. வீட்டில் சோற்றைப் பிசைந்தாலும் அந்த வாடைதான் வந்தது. பாதியில் எழுந்தாள்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் எண்ணிக்கை மட்டும் கேட்டார்கள். மூன்றாவதாக வந்த அம்மாள் பெங்களூரில் தாவரவியல் பேராசிரியர், தமிழ்க்காரர். பீரோவைத் திறந்து ஒரு தாளை உருவினார். சீட்டைப் படித்தார். இலையை நகத்தால் சுரண்டினார். நகத்தில் பச்சை ஏறியது.

"குப்பைமேனி. அம்பத்தேழுல பறிச்சதாம். யார் ஒட்டினது இது?"

"இந்தம்மாதான் மேடம் பொறுப்பு," என்றார் மணிமாறன். "டெம்பரரி ஸ்டாஃப். பழசைப் பாழாக்கிட்டு இப்படிப் பண்ணியிருக்காங்க. நான் விசாரிக்கிறேன்."

அம்பிகா முன்னால் வந்தாள்.

"நான்தான் ஒட்டுனேன் மேடம். சார் ஒட்டச் சொன்னாரு. புழு விழுந்திருச்சுன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். நகல் இருக்கு, கொண்டாரவா?"

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். மணிமாறனைப் பார்த்தார். தாளை எடுத்த இடத்திலேயே செருகி, பீரோவைச் சாத்தினார்.

"அடுத்து எங்க?" என்றார்.

அரை மணி நேரத்தில் ஆய்வக உதவியாளர் பெலிக்ஸ் வந்தார்.

"ஏம்மா அம்பிகா, ஒனக்கெதுக்கு இந்த வேலை? நாளையிலருந்து வர வேணாம்னுட்டாரு. செடியெல்லாம் ஒன்னாலதான் பாழாச்சுன்னு எழுதியாச்சு. இன்னைக்கு மட்டும் இருந்து குழுவுக்குச் சாப்பாட்டுப் பந்தியப் பாத்துக்கிருவியாம். ஆளு பத்தலை."

"இம்புட்டுக்கும் அப்புறமா?"

"அனுபவச் சான்றுல அவருதான கையெழுத்துப் போடணும்? அது இல்லாம வேற எங்க போயி வேலை கேப்ப? செத்த நேரம் பல்லைக் கடிச்சுக்க."

கூட்ட அரங்கில் வாழை இலை போட்டு மட்டன் பிரியாணி. மணிமாறன் தானே நல்லி எலும்பாகப் பொறுக்கி அந்த அம்மாளின் இலையில் வைத்தார். அவர் அதைத் தட்டி, உறிஞ்சி, "எலும்பு நல்லா வெந்திருக்கு சார்" என்றார். மணிமாறன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

குழாயில் தண்ணீர் வரவில்லை. பெலிக்ஸ் ஒரு வாளியையும் சொம்பையும் அம்பிகாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். வராந்தா ஓரத்தில் அந்த அம்மாள் கைகளை நீட்டினார். அம்பிகா ஊற்றினாள். நெய்யும் மசாலாவுமாக அவள் பாதத்தில் வழிந்தது. அந்த அம்மாள் தலை நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றார். "கொழுப்பு போக மாட்டேங்குது."