ஒன்றாம் எண் யாருக்கு?

1

இந்தக் கதை ஓர் எச்சரிக்கை வரியிலிருந்து வந்தது. வீட்டுக்கு வரும் இணையத்தை எல்லோருக்கும் பிரித்துத் தர ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன். அதன் திரையில் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டே இருந்தது: 'என் முகவரியை வேறொரு கருவி பயன்படுத்துகிறது.'

(அந்த 'என்'னைக் கவனியுங்கள். இந்த வீட்டில் நான் சொல்லத் தயங்கும் சொல்.)

2

முதல் தொடக்கம்: 'சின்ன காஞ்சிபுரத்தில் மழை பெய்த ஒரு மாலை, பிரவீனா என்ற பெண்—'

வேண்டாம். மழை பெய்யவில்லை. பெயர் மட்டும் இருக்கட்டும். 'நான்' என்று எழுத வரவில்லை; 'அவள்' என்றே எழுதுகிறேன்.

பிரவீனா, பி.எஸ்சி. இயற்பியல். லேப்டாப்பில் வேலைக்கான நேர்காணல் நடக்கும்போது இணைப்பு அறுந்தது. வந்தது. மறுபடி அறுந்தது. "திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி" என்றார்கள்.

3

ஒவ்வொரு கருவியாக வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். தறிக்கூடத்துக்கு அண்ணன் லோகேஸ்வரன் வாங்கிய கண்காணிப்பு கேமரா பெட்டியைப் பிடுங்கியதும் எச்சரிக்கை நின்றது. வீட்டு இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்களால் ஆன தனி முகவரி உண்டு; கம்ப்யூட்டர் முகவரியின் கடைசி எண் ஒன்று. பெட்டிக்கும் அவன் அதையே கொடுத்திருந்தான்.

"அண்ணா, ரெண்டுத்துக்கும் ஒரே நம்பர் இருந்தா ரெண்டுமே ஒழுங்கா ஓடாது."

"ஆடி மாசம் கூழு ஊத்தினா முதல் சொம்பு யாருக்கு? மூத்தவனுக்குதானே? அதான் ஒண்ணு போட்டுக்கினேன்."

"இது கூழு இல்ல. நீ ஏழு போட்டுக்கோ."

"ஏழரையே போட்டுக்கறேன், போடி. டப்பா கம்ப்யூட்டர வெச்சிக்கினு பெரிய சயின்டிஸ்டு!"

அடுப்படியிலிருந்து அம்மா: "நீதான் மாத்திக்கயேம்மா. அவன் ஆம்பள."

4

(அடிக்குறிப்பு: அவள் தன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். சின்ன வேலை. விவரம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். என் கோபமே அதுதான்.)

முடிவு அ: மாற்றிக்கொண்டாள். வேலை கிடைத்தது. எழுதி அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவள் வாயைத் திறந்து அண்ணனைப் பார்த்து—

இவளால் முடியாது. முடியும் என்று இவளை நம்பவைக்க என்னாலும் முடியவில்லை.

முடிவு இ: அண்ணன் மன்னிப்புக் கேட்டான். சிரிக்காதீர்கள்.

5

இன்று திங்கள். பெட்டியின் வயரைப் பிடுங்கி மடியில் வைத்திருக்கிறேன். ஆமாம், நான்தான். "கேமரா இன்னாத்துக்கு நின்னுச்சு?" என்று தறிக்கூடத்திலிருந்து கத்துகிறான். திரையில் ஒரு முகம் தெரிகிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறது.

இனி நீங்கள் எழுதுங்கள். வேலை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். அவள் விட்டுக்கொடுத்தாள் என்று மட்டும் எழுதினால், அந்தப் பக்கத்தைக் கிழிக்க நானே வருவேன்.