சிட்டு வாயைத் திறந்தாள்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் காலை பத்து மணிக்குத் தின்பண்டம். வேகவைத்த பட்டாணி, வாழைப்பழத் துண்டு, விரல் நீளத்துக்கு வெட்டிய கேரட். இரண்டு வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரும் தாங்களே எடுத்துத் தின்ன வேண்டும். அப்போதுதான் விரல்கள் பழகும், பின்னால் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் வரும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீச்சருக்கு அதெல்லாம் மனப்பாடம்.

ஆனால் பட்டாணி தரையெங்கும் உருளும். வாழைப்பழம் தலைமுடியில் அப்பும். கூட வேலை செய்தவள் நின்றுபோன பிறகு துடைப்பதும் கழுவுவதும் இவள் ஒருத்தி தலையில் விழுந்தது. வரிசையாக உட்காரவைத்துக் கரண்டியால் ஊட்டிவிடத் தொடங்கினாள். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. "உங்க ரூம் மட்டும் எப்படிப் பளிச்சுனு இருக்கு?" என்று மேலாளர் கேட்டபோது சிரித்து வைத்தாள்.

மாதக் கடைசியில் குழந்தைக்கு ஒரு தாள் நிரப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 'கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சிறு பொருளை எடுக்கும்' என்ற வரிக்கு எதிரே பன்னிரண்டு தாளிலும் மளமளவென்று 'ஆம்' போட்டாள்.

திங்கட்கிழமை, சிட்டுவின் அம்மா வந்தாள். பஸ் ஓட்டுபவள், சீருடையோடு வந்திருந்தாள்.

"அடுத்த வண்டிக்கு அரைமணி இருக்கு டீச்சர். இவ எடுத்துச் சாப்பிடுறத ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். வீட்ல கையால ஒண்ணையும் தொடமாட்டேங்கிறா. விரலுக்குப் பயிற்சி குடுக்கிறவங்ககிட்ட மூணு மாசம் காத்திருந்து தேதி வாங்கினேன். உங்க பேப்பரைப் பாத்ததும் வேண்டாம்னு சொல்லிட்டேன். என்கிட்ட மட்டும் அடம் பிடிக்கிறான்னு நேத்து நல்லா அதட்டிட்டேன்."

"இன்னிக்கு அவளுக்குக் கொஞ்சம் சளி" என்றாள் டீச்சர். சளியெல்லாம் ஒன்றுமில்லை.

"பரவால்ல, சும்மா பாக்கறேன்."

டீச்சர் சிட்டுவின் தட்டில் நாலு பட்டாணி வைத்தாள். சிட்டு பட்டாணியைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயை ஆவென்று திறந்தாள். அதைப் பார்த்து அடுத்த நாற்காலிக் குழந்தையும் திறந்தது. அப்புறம் அதற்கடுத்தது. வரிசை முழுக்கத் திறந்த வாய்கள், கரண்டிக்காகக் காத்திருந்தன.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"நான்தான் ஊட்டறேன்" என்றாள் டீச்சர். தலை நிமிரவில்லை. "எல்லாருக்கும். அந்தப் பேப்பர்ல பாக்காமலே எழுதிட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அம்மா திட்டவில்லை. "புள்ளைய அதட்டிட்டேனே" என்று மட்டும் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மதியம் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "பன்னண்டு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றார் அவர். சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். ஒவ்வொரு தடவையும் காது சுட்டது. ஒரு அப்பா, "விடுங்க டீச்சர், எங்க வீட்லயும் அதே கதைதான்" என்று சிரித்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. பயிற்சி கொடுக்கும் இடத்துக்கும் போன் செய்து கெஞ்சிப் பார்த்தாள். சிட்டுவுக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது.

மறுநாளிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை. முதல் வாரம் பாதிப் பேர் அழுதார்கள். தரை முழுக்கப் பட்டாணி. மண்டியிட்டுத் துடைத்தாள், யாரிடமும் அலுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் சிட்டு வாழைப்பழத் துண்டை உள்ளங்கையால் நசுக்கி, கையில் ஒட்டியதை நக்கினாள்.

சாயங்காலம் டீச்சர் அதைச் சிட்டுவின் அம்மாவிடம் சொன்னாள். "விரலால எடுக்கலைங்க. ஒட்டினத நக்கினா, அவ்வளவுதான்."

அம்மா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமா."

தலையாட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே சீருடை தெரிந்தது. அவள் உள்ளே வரவில்லை, கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்த தலையோடு தட்டுகளில் பட்டாணியை வைத்துக்கொண்டே போனாள்.