பாதி முடுக்கிய நட்டு

பேய் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பண்ணை மேனேஜர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, சாயங்காலமானால் சுவரில் ஏதோ சத்தம் வருகிறதாம், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டார். எனக்குப் பம்புகளில் மட்டும்தான் நம்பிக்கை என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நான் பம்பு மெக்கானிக். பண்ணையில் ஏழு மோட்டார்கள், ஏழும் கிழடு. வேலையோடு சேர்த்து வீட்டையும் கொடுத்தார்கள். பழைய ஓட்டு வீடு, நாலு பக்கமும் வயல். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டுமென்றால் கால் மணி நேரம் நடக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்ததாம், மூன்றே மாதத்தில் மூட்டை கட்டிவிட்டதாம். இதைச் சொன்னது ரேடியோ. மோட்டார்களைப் போட்டு அணைக்கிற ஆளுக்குப் பண்ணையில் அதுதான் பெயர், யாரும் திருகாமலே பாடுவார். அது ஒரு குழந்தையின் ஆவி என்று காலையில் சொன்னார். மத்தியானம் அதுவே ஒரு கிழவரின் ஆவியாகிவிட்டது.

பேயைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நாங்கள் இல்லை. நாங்களே ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்தவர்கள். அந்த வீட்டில் எங்கள் சின்னவள் செத்துப்போனாள். ஒன்பது வயது. மூளைக் காய்ச்சல், இரண்டே நாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் என் மனைவி பேசவில்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்பாள், கதவைச் சாத்துங்கள் என்பாள், அதோடு சரி. அவள் தையற்காரி. ஊர்க்கதை அத்தனையையும் தையல் மிஷினோடு சேர்த்து ஓட்டுகிறவள். அந்த மிஷினுக்கு உறை போட்டு மூடியவள் மூடியவள்தான்.

இடம் மாறினால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார், என் அக்காவும் சொன்னாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய வீட்டில் ஒரு கதவை என்னால் பார்க்க முடியாமல் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அது என் பட்டறைக் கதவு. என் தொழிலில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கையில் எடுத்த நட்டைப் பாதியில் விட மாட்டேன். பாதி முடுக்கிய நட்டு பார்வைக்கு முழுசாக முடுக்கியது போலவே இருக்கும். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மறந்துபோகும். ஒருமுறை அப்படி விட்டுத்தான் ஒரு பம்பு பிய்த்துக்கொண்டு என் இடது சுண்டுவிரலில் பாதியை வாங்கிக்கொண்டது. அதிலிருந்து வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன்: அப்பா நட்டு முடுக்கும்போது கூப்பிடக் கூடாது. சின்னவள் கூப்பிட மாட்டாள். மூன்று தரம் தட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பாள்.

அன்று மத்தியானமும் தட்டினாள். தலை வலிக்குதுப்பா என்றாள். அம்மாகிட்ட போய்ச் சொல்லு என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று தட்டு. நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு நட்டில் நாலாவதில் இருந்தேன். எல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது படியில் சுருண்டு கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் தூக்கி உள்ளே போட்டேன். உடம்பு கொதிப்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

பண்ணை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பக்க அறையில் என் மனைவி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மணி நாலு. சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. அவள் கை அப்படியே நின்றது. எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியா?" என்றாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. அதை அவள் என்னிடம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நாலு மணியானால் சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்டாயா, பயமாக இருக்கிறதா, அங்கே யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்று கேட்பாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. பேசி முடித்த நாளில் இரண்டு வாய் சேர்த்துச் சாப்பிட்டாள். தட்டாத நாளில் தட்டைத் தொடக்கூட மாட்டாள்.

சத்தம் என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பம்பு அறை. அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சாமான் அறை வழியாக வந்து, பக்க அறைச் சுவருக்குள் புகுந்து மேலே தொட்டிக்குப் போகிறது. நாலு மணிக்கு ரேடியோ மோட்டாரை அணைப்பார். தண்ணீரைத் திரும்பவிடாமல் பிடிக்க வேண்டிய வால்வு தேய்ந்துபோயிருந்தது. ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கி, பிடிப்புத் தளர்ந்த குழாயைச் சுவரோடு மோதும். அவ்வளவுதான் பேய். குழாய் எப்படிக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று ஒருநாள் யோசித்தேன். வருகிற சத்தத்துக்குத் தகுந்தபடி இவளே கேள்வியை வளைத்துக்கொள்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். முதல் வாரத்துக்குப் பிறகு அந்த நேரத்துக்கு நான் வீட்டில் இருப்பதில்லை. அந்த மூன்று தட்டை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றரைக்கே வயலுக்குப் போய்விடுவேன்.

எங்களுக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். பெரியவள், பதினாலு வயது. இத்தனை நேரம் கழித்து அவளைப் பற்றிச் சொல்கிறேன் பாருங்கள், வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருவாள், எங்கேயாவது இருப்பாள், சாப்பாட்டுக்கு வருவாள். தொந்தரவில்லாத பிள்ளை என்று சொல்லிக்கொண்டோம். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிப்பாள், படிப்பில் அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். பள்ளிச் சட்டையின் கை மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் ஏறிக் கிடந்தது. தையற்காரி வீட்டில் அதைப் பார்க்க ஆள் இல்லை.

இப்படி மூன்று மாதம் போனது. ஒருநாள் என் மனைவி மிஷின் உறையைக் கழற்றினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். பூப்போட்ட கவுன், சின்ன அளவு. பத்து வயசாயிடுச்சே, கொஞ்சம் தாராளமா வெட்டியிருக்கேன் என்றாள். இவள் மெல்ல மெல்லச் சுவருக்கு அந்தப் பக்கமே போய்விடுவாள் என்று பயந்தேன்.

மறுநாள் காலையில் புது வால்வு போட்டேன். குழாய்க்கு ரப்பர் சுற்றிச் சுவரோடு இறுக்கிக் கட்டினேன். ஒழுகுகிறது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

அன்று நாலு மணிக்கு வயலுக்குப் போகவில்லை. பம்பு அறையில் இன்னொரு மோட்டாரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ வந்து பெரிய மோட்டாரை அணைத்துவிட்டுப் போனார். தண்ணீர் மூச்சுக் காட்டாமல் நின்றது. என் வேலை சுத்தம். நிம்மதி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சுவரோரம் பாயில் அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. அடுத்த நட்டில் ஸ்பானரை வைத்து அரைச் சுற்றுச் சுற்றினேன்.

தட்டியது. மூன்று.

என் உடம்பில் அத்தனை மயிரும் நட்டுக்கொண்டது. நான் போட்ட வால்வில் ஒரு சொட்டுத் திரும்பாது. அப்படியானால் தட்டுவது யார்? நானும் நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்ப ஆசைப்பட்டேன். ஸ்பானரை அப்படியே நட்டின் மேல் விட்டேன். வாய்விட்டு, "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

சாமான் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உர மூட்டைகளின் மேல் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். பள்ளி உடுப்புக்கூட மாற்றவில்லை. கையில் என் சின்ன ஸ்பானர். நெற்றியைச் சுவரில் அழுத்தி, கண்ணை மூடியிருந்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"அன்னிக்கு நீ வந்து தலை வலிக்குதுன்னப்ப என் கையில கத்திரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லுன்னு அனுப்பிட்டேன். நீ திரும்பி வந்தே. அப்பவும் அதையேதான் சொன்னேன். என் மேல கோவமா கண்ணு?"

இவ்வளவு நாளும் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். குழந்தையை நான் அவளிடம் அனுப்பினேன், அவள் என்னிடம் அனுப்பினாள். நடுவில் கிடந்த படியில் அது படுத்துக்கொண்டது.

பெரியவள் குழாயை இரண்டு தரம் தட்டினாள். இல்லை.

"இன்னும் தலை வலிக்குதா?"

பெரியவள் உடனே தட்டவில்லை. ஸ்பானரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தட்டு தட்டினாள்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவும் பயம், உட்காரவும் பயம். நான் பக்கத்தில் போய் மூட்டையில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக இது என்று மெதுவாகக் கேட்டேன். வந்த இரண்டாவது வாரத்திலிருந்து என்றாள். குழாய் சில நாள் தட்டும், சில நாள் தட்டாது, தட்டாவிட்டால் அம்மா சாப்பிட மாட்டார்கள் என்றாள்.

"வலிக்கலைன்னு தட்டியிருக்கலாமேம்மா. அவ மனசு ஆறியிருக்கும்."

"பொய் சொல்ல வரலப்பா. எனக்கு நிஜமாவே வலிக்குது. கரும்பலகை தெரிய மாட்டேங்குது. தலை வலிக்குதுன்னு இந்த வீட்ல எப்படிச் சொல்றது?"

நான் அவள் தோளில் கையை வைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா அவளத்தான் கேக்குறாங்க, தெரியும். இருந்தாலும் கேக்குறாங்கல்ல."

அவள் கையைப் பிடித்துப் பக்க அறைக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி எங்களைப் பார்த்தாள். மகளின் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோன முகம் அது. அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கண்ணை இறுக மூடி, சின்னவள் இரண்டாவது தடவையாகச் செத்துப்போன மாதிரி ஒரு மூச்சு அழுதாள். பிறகு பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். சட்டைக் கையைக் கீழே இழுத்தாள். அது வரவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"எப்பலேந்து வலிக்குது?" என்று கேட்டாள்.

பெரியவள் பழக்கத்தில் ஸ்பானரைத் தூக்கினாள். தட்டுவதற்குக் குழாய் இல்லை. கையை இறக்கினாள்.

"மூணு மாசமாம்மா" என்றாள்.

அப்போதே கிளம்பி மூன்று பேரும் டவுனுக்குப் பஸ் பிடித்தோம். வழியில்தான் என் மனைவியிடம் சொன்னேன், சின்னவள் என்னிடமும் தட்டினாள், நானும் திருப்பி அனுப்பினேன் என்று. அவள் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண் டாக்டர், கண்ணாடி போட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிள்ளையைப் பெற்றவர்கள் இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

நாலு மணிக்கு என் மனைவி இப்போதும் அந்தப் பாயை விரிக்கிறாள். பெரியவள் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். சுவரில் சத்தம் இல்லை. பூப்போட்ட கவுன் கை தைக்காமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறது. அதை எடுக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலையில் ரேடியோ அந்த மோட்டாரைப் போட, பம்பு அறையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மெக்கானிக்கே நட்டை முடுக்க மறந்துவிட்டார் என்று ரேடியோ பண்ணை முழுக்க ஒலிபரப்பினார். மேனேஜர் வந்து முறைத்தார். நான் மறக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை. அந்த நட்டை நான் தெரிந்தே பாதியில் விட்டேன். பத்து மாதத்துக்கு முன்னால் விட்டிருக்க வேண்டியது.