சத்தியபாய்க்கு நேரே ஒரு காலிக் கட்டம்

வந்திருந்தவர்கள்:

கனகதாஸ். வேலை: பஸ் கண்டக்டர். படித்தது: வேதசாஸ்திரம், இரண்டு வருடம்.
செல்லசாமி. வேலை: சாயாக்கடை. படித்தது: மலையாள வித்வான் பரீட்சைக்கு, இரண்டு தடவை.
சத்தியபாய். வேலை: மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா. படித்தது:
ரெத்தினதாஸ், அதாவது நான். வேலை: அதே ஆஸ்பத்திரியில் ராத்திரிக் காவல், கதவு பூட்டுவது. படித்தது: இன்டர்மீடியட் ரசாயனம், பாதி.

1

மூன்றாவது வரியில் அச்சுப்பிழை இல்லை. இந்தக் கதை அந்தக் காலி இடத்திலிருந்துதான் வந்தது.

இது 1955 மார்ச்.* திருவிதாங்கூரில் இருக்கிற பாறசாலை தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கமிட்டி. கூடாது என்று இன்னொரு கமிட்டி. இரண்டுக்கும் ஒரே யோசனை தோன்றியது: பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை குடியிருந்து வேலை செய்கிறவர்கள் என்ன படித்தார்கள், எந்த மொழியில் படித்தார்கள் என்று கணக்கெடுத்து, மாநில எல்லை வகுக்க வரப்போகும் கமிஷனிடம் நீட்டுவது. இரண்டுக்கும் பகலில் சும்மா இருக்கிற, இரண்டு மொழியும் திருத்தமாக எழுதத் தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நானே எழுதினேன். ஒன்றின் விஷயம் மற்றதற்குத் தெரியாது. இதை வெட்கத்தோடு சொல்லிப் பார்த்தேன். வெட்கம் வரவில்லை.

இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட மதிலோரம் உட்கார்ந்து, மீந்த படிவங்களின் முதுகில் இதை எழுதுகிறேன். மூன்று மணி நேரம் இருக்கிறது. நியாயமாக நான் தூங்கவேண்டிய நேரம்.

(* அந்த மாதம் கடையடைப்பு நடந்ததா என்று பழைய பத்திரிகையில் தேடாதீர்கள். தேதி நான் வைத்தது.)

2

முதல் தொடக்கம்: மார்ச் வெயிலில் சத்தியபாயின் நெற்றியில் முத்து முத்தாக

வேண்டாம். அவள் வாசித்தால் சிரிப்பாள்.

இரண்டாவது தொடக்கம், கட்டுரை மாதிரி: நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டேன். படித்த வேலையையே செய்கிறவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் வாத்தியார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர், எந்த வாத்தியார் அடித்தார் என்று சொன்னார்கள். ஆகவே படிப்பு என்பது

இதுவும் வேண்டாம். கமிஷனே இதைப் படிக்காது.

மூன்றாவது தொடக்கம், நடந்தபடி: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செல்லசாமி கடையில் நாலு பேர் இருந்தோம். நான் தாளை விரித்தேன்.

"வேதசாஸ்திரம்னு எழுதுலே" என்றார் கனகதாஸ். "பாஷை கேட்டா, படிச்சது தமிழு, தோத்தது இங்கிலீஷு."

"நம்ம பேரை ரெண்டு தாள்லயும் போட்டுக்கோ மக்கா" என்றார் செல்லசாமி. என் ரகசியம் அதுவரை தெரிந்த ஒரே ஆள். "தோத்ததுன்னு வேண்டாம். எழுதினதாக்கும்னு போடு."

சத்தியபாய் டம்ளரை வைத்தாள். "எனக்க கட்டத்தில ஒண்ணும் எழுதாதே."

"ஏழாங் கிளாஸ் உண்டே அக்கா" என்றேன்.

"மார்ச்சு முடியட்டு. பத்து எழுதப் போறேன்."

அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஒன்பது வருடமாக வார்டில் தரை துடைக்கிறாள். நர்ஸ் பயிற்சிக்குப் பத்தாம் கிளாஸ் வேண்டும். முப்பது நிறைந்துவிட்டால் எடுக்கமாட்டார்கள். மே மாதம் முப்பது. இந்தப் பரீட்சை தவறினால் ஆயுள் முழுக்கத் தரைதான்.

"பேப்பர் திருத்துறவன் ஒன்னைவிட இளையவனா இருப்பான்" என்றார் கனகதாஸ்.

"இருக்கட்டு. மூத்தவளுக்கு மார்க்கு குறைக்கப் பயப்படுவான்."

3

மற்றப் பரீட்சைகளை எழுதிவிட்டாள். கடைசிச் சரித்திரப் பரீட்சை நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில், வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் கடையடைப்பு. பரீட்சைக்கு யாரும் போகக்கூடாது, ஹால் டிக்கெட்டைக் கண்டால் கிழிப்போம் என்று இரண்டு கமிட்டியும் சொல்லிவிட்டன. அவை தெரிந்தே ஒத்துப்போனது அதில் மட்டும்தான். சர்க்கார் பரீட்சையைத் தள்ளிவைக்கவில்லை.

"பஸ்ஸு?" என்று கேட்டேன்.

"எடுத்தா கண்ணாடி போவும்" என்றார் கனகதாஸ். "ஜெபம் வேணும்னா பண்ணித் தாறேன். ரெண்டு வருசம் படிச்சதாக்கும்."

வழி கண்டது சத்தியபாய். "பாறசாலையில இருந்து சேரணும்ங்கிற கமிட்டிக்க ஊர்வலம் நெய்யாற்றின்கரைக்குப் போவுதில்லியா? அதுக்குள்ள நடந்தா எவன் கேப்பான்? டிக்கெட்டு ஒனக்க தாள்கெட்டுக்குள்ள இருக்கட்டு. கமிட்டித் தாளை எவனும் கிழிக்கமாட்டான். நீயும் வா."

[இவ்வளவு கெட்டிக்காரியா என்று வாசகர் சந்தேகப்படலாம். எனக்கும் சந்தேகம் வந்தது. ஒன்பது வருடம் டாக்டர்கள் கண்ணில் படாமல் வார்டில் புத்தகம் வாசித்தவள். சந்தேகத்தை எடுத்துவிட்டேன்.]

4

காலையில் டியூட்டி முடிந்து நேரே ஊர்வலத்துக்குள் நுழைந்தேன். கோஷம் போட ஆள் கேட்டபோது சத்தியபாய் முன்னால் போனாள். "ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு!" என்று கத்தினாள். கூட்டம் "பானிபட்!" என்று முழங்கியது.

[பொய். அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் இந்தப் பொய்யை அடிக்க மனம் வரவில்லை.]

நடுவழியில் கேட்டாள்: "எலே, நீ பாதி படிச்சியே, மீதிப் பாதி எங்க?"

"போட்டுட்டு ஓடியாச்சு."

"ஓடினது தெரியும். எங்கன்னாக்கும் கேட்டது."

பதில் சொல்வதற்குள் அமரவிளைப் பாலம் வந்தது. போலீஸ் ஊர்வலத்தைத் திருப்பியது. கமிஷனுக்கான தாள் என்று காட்டி நாங்கள் இருவரும் தாண்டினோம். அக்கரையில் மற்றக் கமிட்டி. நான் தாள்கட்டைப் புரட்டி மலையாளப் படிவத்தை மேலே வைத்தேன்.

ஒரு தொண்டன் கட்டைப் பிடுங்கினான். "சர்வேயா? என்றெ பேரு எவிடெ?"

தன் பேரைத் தேடி ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். ஹால் டிக்கெட் பன்னிரண்டாவது தாளுக்கு அடியில். ஒன்பதாவதில் நின்றான். "என்றெ பேரு இல்லல்லோ. எழுது."

எழுதினேன். வேலை, லாரி ஓட்டுவது. படித்தது, மூன்று வருடம் ஹார்மோனியம். குருவின் பெயர், கற்ற ராகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். தூரத்தில் பள்ளிக்கூடத்தின் முதல் மணி அடித்தது.

சத்தியபாய் பொறுமையாகக் கேட்டாள்: "அண்ணா, ஹார்மோனியம் ஏது பாஷயிலா படிக்குந்நது?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். கட்டு என் கைக்கு வந்தது. "ஸ்வரம் ரெண்டிலும் ஒண்ணுதன்னெ" என்றான். "ரெண்டும்னு எழுதிக்கோ." நாங்கள் ஓடினோம்.

5

இனி முடிவு.

(அ) அவள் ஜெயிக்கிறாள். வெள்ளைத் தொப்பி, சபையில் கைதட்டு, கனகதாஸின் நீண்ட ஜெபம்.
(ஆ) தோற்கிறாள். செல்லசாமி சொல்வார்: எழுதினதாக்கும்னு போடு.
(இ) எல்லை

எல்லை எங்கே விழும் என்று கமிஷனுக்கே தெரியாது. எனக்கெப்படித் தெரியும்?

ஆரம்பித்ததைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். பாதிவரைக்கும்தான் எனக்கு வரும். அவள் பெயருள்ள தாளை எந்தக் கமிட்டிக்கும் கொடுக்கப்போவதில்லை. மூன்றாவது வரி மேலே அப்படியே இருக்கிறது. பென்சில் இருந்தால் நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரு யோசனை: பொறுங்கள். முடிவை உள்ளே அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த கடைசி விஷயம் இவ்வளவுதான். நாங்கள் வந்து சேர்ந்தபோது பியூன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"மணி அடிச்சாச்சு" என்றான்.

"மணி அடிச்சாத்தானே உள்ள வரணும்" என்று சொல்லி, கட்டிலிருந்து டிக்கெட்டை உருவி, அவன் கைக்கடியில் குனிந்து நுழைந்தாள். உள்ளேயிருந்து என்னைப் பார்த்து, "எலே, போயி உறங்கு" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. கல்லெறிக்குப் பயந்து பியூன் வெளியே ஒரு பித்தளைப் பூட்டும் போட்டு, இழுத்துப் பார்த்தான். தொழில் பழக்கம், நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தது.