ஒன்றின் மடக்கை சுழி

1

இந்தக் கதை பொருந்தாத இரண்டு எண்களிலிருந்து பிறந்தது. நண்பர் ஒருவர் தன் அலுவலகத்தில் நடந்ததை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. வாக்கியங்கள் மறந்துவிட்டன. அந்த மௌனத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எப்படி எழுதுவது என்று பிடிபடாததால் ஓர் ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: அன்று காலை அவள் உள்ளே நுழைந்தபோது விதி அவளுக்காகக் காத்துக்கொண்டு—

(வேண்டாம். விதிக்கு வேறு வேலை இருக்கிறது. அவள் வந்தாள், கணினியைத் திறந்தாள். அவ்வளவுதான்.)

2

அது தண்ணீர் சோதிக்கும் ஆய்வகம். புள்ளியியல் படித்தவள் என்பதால் அவளை எல்லோரும் 'புள்ளி' என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சாமான்களோடு புழங்குகிற சக ஊழியர் 'குடுவை'. வடிகட்டிக்குள் போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் உள்ள கிருமிகளைக் குடுவை எண்ணுவார். எத்தனை மடங்கு குறைந்தது என்பதை மடக்கையாக, அவர்கள் பேச்சில் லாக்காக, மாற்றுவார்கள். அவள் புள்ளியியல் மென்பொருளில் ஒருமுறை, அவர் விரிதாளில் ஒருமுறை. இரண்டும் பொருந்தினால்தான் ஆய்வகத் தலைவரான பெரியவர் சான்றுச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போகும் வடிகட்டிக்கு லாக் குறைந்தது நான்கு வேண்டும்.

அன்றைய வடிகட்டியைச் செய்தவர் புள்ளியின் அண்ணன். (முறைப்படி அவள் அதைத் தொடவே கூடாது. ஆனால் போன வாரம் வந்த புது மென்பொருள் அவள் ஒருத்திக்குத்தான் ஓரளவு தெரியும். கதையின் வசதிக்காக வளைக்கிறேனோ? வளைத்தாயிற்று.)

மென்பொருள் 6.9 என்றது. உடனே அண்ணனை அழைத்தாள்.

"ஆறு புள்ளி ஒம்பதா? நெஜமாவா பாப்பா? நாலு வந்தாலே சாமி கும்பிடலாம்னு இருந்தேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இரு, உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டு வரேன்."

பிறகுதான் குடுவை வந்தார்.

"ஏங்க புள்ளி, ஒரே தண்ணி, ஒரே கிருமி. உங்க பெட்டி ஏழுங்குது, எம்பெட்டி மூணுங்குது. மிச்ச நாலை யாரு முழுங்கினா?"

"உங்க விரிதாள்லதான் தப்பு இருக்கும். நேத்து டீயைக் கொட்டினீங்கல்ல?"

"கீபோர்டுல கொட்டினேங்க. கணக்குலயா கொட்டினேன்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

3

எண்களைத் திரும்ப அடித்தாள். இரண்டையும் மூடித் திறந்தாள். மூன்று மூன்றாகவே இருந்தது, ஏழு ஏழாகவே இருந்தது.

இங்கே எனக்கே தலை சுற்றுகிறது. அவள் தவற்றைக் கண்டுபிடிக்கத் தேடுகிறாளா, கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தேடுகிறாளா? இதற்கு முந்தைய வடிவத்தில் அவள் நேர்மையே உருவானவள். படித்தபோது அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தாள். கிழித்துவிட்டேன். இந்த வடிவத்தில் அவள் யாரென்று தெரியவில்லை.

மென்பொருள் வந்த அன்றே அவள் அதைச் சோதித்திருந்தாள். ஒன்றின் லாக் என்ன என்று இரண்டிடமும் கேட்டாள். இரண்டும் சுழி என்றன. "பாருங்க, கூடப் பொறந்ததுங்க மாதிரி ஒத்துப்போகுது," என்று குடுவையிடம் பெருமையடித்துக்கொண்டாள்.*

* நானும் அப்படித்தான். ஒரு பாத்திரம் நல்லவளா என்று பார்க்க எளிதான காட்சியைத்தான் முதலில் எழுதுகிறேன். எளிதான காட்சியில் எல்லோரும் நல்லவர்கள்.

4

கடைசியில் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பார்த்தாள். 2.3. அடுத்த தண்ணீர் மாதிரிக்கு வகுத்தாள். 2.3. அதற்கடுத்ததற்கும் அதே.

தப்பு இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

இரண்டிடமும் பத்தின் லாக்கைக் கேட்டாள். விரிதாள் ஒன்று என்றது. மென்பொருள் 2.3 என்றது. எதை அடிமானமாக வைத்துக் கணக்கிடுவது என்று நாம் சொல்லாவிட்டால் விரிதாள் பத்தை எடுத்துக்கொள்கிறது. புது மென்பொருள் இயல் மடக்கைக்குரிய அடிமானத்தை, இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த அந்த எண்ணை, எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் படித்ததுதான். பழைய மென்பொருள் இத்தனை வருடமும் பத்தையே எடுத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோயிருந்தது. ஒன்றுக்கு மட்டும் எந்த அடிமானத்திலும் விடை சுழி. அவள் சோதித்தது அந்த ஒன்றைத்தான்.

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். 'லாக் 4' என்று மட்டும் இருந்தது. அடிமானம் பத்து, அதாவது பத்தாயிரம் கிருமிகளில் ஒன்றுதான் தப்பலாம், என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதிவைக்கவில்லை.

தொலைபேசி அடித்தது.

"பாப்பா, வண்டியில ஏத்தியாச்சு. அந்தச் சீட்டு மட்டும் வந்துட்டா கெளம்பிடுவேன். உங்க அண்ணி இன்னிக்குத்தான் சிரிச்சு பார்க்குறேன், தெரியுமா?"

"அண்ணா..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இருங்க. நானே கூப்பிடுறேன்."

5

முடிவு, முதல் வடிவம்: அவள் மென்பொருளின் அடிமானத்தைப் பத்தாக மாற்றுகிறாள். இரண்டு கணக்குகளும் 3 என்கின்றன. அருமையாகப் பொருந்துகின்றன. அண்ணனின் வண்டி கிளம்பாது.

இரண்டாம் வடிவம்: அவள் விரிதாளை இயல் மடக்கைக்கு மாற்றச் சொல்கிறாள். இரண்டு கணக்குகளும் 6.9 என்கின்றன. அருமையாகப் பொருந்துகின்றன. பெரியவர் கையெழுத்துப் போடுகிறார். அச்சான எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

மூன்றாவதாக ஒன்றை எழுத ஆரம்பித்தேன். அவள் எழுந்துபோய் பெரியவரின் கதவைத் தட்டி, எல்லாவற்றையும்—

(கதவு வரைக்கும்தான் அவளைக் கொண்டுபோக முடிந்தது. தட்டுவதற்காக மடக்கிய விரல்கள் அப்படியே நிற்கின்றன.)

பின்னாலிருந்து குடுவை கேட்கிறார்: "என்னங்க, பொருத்திட்டீங்களா? எதுக்கு எதை மாத்தினீங்க?"

இங்கேதான் என் நண்பர் மௌனமானார். நானும் இதற்கு அப்பால் போகப்போவதில்லை. முடிவை நீங்கள் எழுதுங்கள். வடிகட்டியில் நுழைகிற ஆயிரம் கிருமிகளில் ஒன்று தப்பி வெளியே வருகிறது. நீங்கள் எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது வரும்.

சரிபார்க்கும்போது மட்டும் ஒன்றைப் போட்டுப் பார்க்காதீர்கள், ஒன்றுக்கு எல்லாமே பொருந்தும். அந்த வார்டில் எத்தனை கட்டில்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. போய் எண்ணிவிட்டு வாருங்கள். அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு அண்ணனைக் கூப்பிடுங்கள். வண்டியின் இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிட்டபடி அவர் காத்திருக்கிறார்.